காலணாவுக்கு என்ன விலை? பெங்களூரில் ஆங்கிலேயர் கால நாணயம் வாங்குவது பற்றி

பழைய நாணயம் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எது அரிய காசு?" என்றுதான். ஐந்நூறு ரூபாயோ ஆயிரம் ரூபாயோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறவருக்கு இந்தக் கேள்வியால் பயனில்லை. அரிய காசு அந்த விலைக்குக் கிடைக்காது. கிடைத்தால் அது போலியாக இருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலிருந்து 1947 வரை இந்த ஊர்க் கடைத்தெருவில் உண்மையாகவே கைமாறிய காசுகள் எவை, அவற்றில் எதை என்ன கணக்குப் பார்த்து வாங்கலாம், எதைத் தொடாமல் விடவேண்டும் என்பதே அவர் கேட்க வேண்டியது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறிய தொகைக்கு வாங்குகிறவருக்கு வெள்ளி ரூபாயைவிடச் செம்பு, வெண்கலச் சில்லறையே நல்ல சரக்கு. பலர் இதை ஏற்க மாட்டார்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப் போகிறேன்.

மன்னராட்சி நடந்த மைசூர்ச் சீமையில் ஆங்கிலேயக் காசு எப்படி இவ்வளவு குவிந்தது? திப்பு சுல்தான் 1799-ல் வீழ்ந்தபின் மைசூர் மீண்டும் உடையார்களிடம் வந்தது. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் பெயரில் சொந்த நாணயம் அடிக்கப்பட்டது. கணக்கு வழக்கெல்லாம் கண்டீரவ வராகன், கண்டீரவப் பணம் என்றே ஓடியது. கம்பெனிக்கு ஆண்டுதோறும் கட்ட வேண்டிய கப்பம் ஏழு லட்சம் நட்சத்திர வராகன். அதுவே பின்னாளில் ரூபாய்க் கணக்கில் இருபத்து நாலரை லட்சம் ஆயிற்று. 1831-ல் ஆங்கிலேயர் நிர்வாகத்தை நேரடியாகக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்து நாணயச்சாலை 1833-ல் பெங்களூருக்கு மாறியது. பத்தே ஆண்டில், 1843-ல், அதையும் மூடிவிட்டார்கள். அதன்பின் மைசூருக்கென்று தனிக் காசு இல்லை. ஐதராபாத், திருவிதாங்கூர் போன்ற அரசுகள் கடைசிவரை தங்கள் காசை அடித்தன. சின்னஞ்சிறு புதுக்கோட்டைகூட அம்மன் காசை விட்டுக்கொடுக்கவில்லை. பெங்களூரிலோ காய்கறி வாங்கவும் கூலி கொடுக்கவும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் அடித்த காசைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று.

இதற்கு முன்பே, 1809 முதல், தண்டு வந்துவிட்டது. ராணுவக் குடியிருப்பாக எழுந்த கன்டோன்மென்ட்டுக்கு மதராஸ் படையோடு தமிழ்ச் சிப்பாய்களும் வணிகர்களும் கைவினைஞர்களும் வந்து அல்சூரிலும் இன்றைய சிவாஜிநகர்ப் பக்கத்திலும் குடியேறினார்கள். படைச் சம்பளம் ரூபாயில். கடைக் கணக்கு அணாவில். அந்தப் பகுதி 1947 ஜூலைவரை ஆங்கிலேயர் நேரடி ஆட்சியிலேயே இருந்தது. ஆகவே பெங்களூரில் ஒரு பழைய குடும்பத்துப் பெட்டியைத் திறந்தால் விக்டோரியா காலணா கிடைப்பதில் வியப்பில்லை. இந்த ஊரின் அன்றாடப் பணமே அதுதான்.

1835-ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தோடுதான் எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்தது. அதுவரை வங்கத்துக்கு ஒரு ரூபாய், பம்பாய்க்கு ஒன்று, சென்னைக்கு வேறொன்று என்றிருந்தது. புதிய ரூபாயின் எடை 180 கிரெய்ன், இன்றைய கணக்கில் 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. ஒரு ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு நான்கு காலணா, காலணாவுக்கு மூன்று தம்படி. ஆக ரூபாய்க்கு 64 காலணா, 192 தம்படி. 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வரும்வரை நம் பாட்டன்மார் மனக்கணக்கு இந்தப் பெருக்கலில்தான் ஓடியது. ஏறக்குறைய முழு இந்தியாவுக்கும் ஒரே அச்சில், கோடிக்கணக்கில், நூறாண்டுக்கு மேல் அடித்துக்கொண்டே இருந்தார்கள். விலை மலிவாக இருப்பதற்குக் காரணம் அதுவே. நூறு வயது ஆகிவிட்டதாலேயே ஒரு காசு விலைமதிப்புள்ளதாகிவிடாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி ஏமாற்று வேலைகளிலிருந்து தப்பிவிடலாம்.

என் கையில் 1858-ஆம் ஆண்டுக் காலணா ஒன்று இருக்கிறது. கம்பெனி அச்சு. ஒரு பக்கம் இரண்டு சிங்கங்கள் கொடி பிடித்து நிற்கும் கம்பெனி முத்திரை, அடியில் லத்தீன் வாசகம். மறுபக்கம் இலை வளையத்துக்குள் ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் காசின் மதிப்பு. ஆறரை கிராம் செம்பு. சிங்கங்களின் பிடரி தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. எழுத்து மட்டும் தெளிவு. காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரே சீரான பழுப்பு. கம்பெனி ஆட்சி முடிந்து இந்தியா ராணியின் கைக்குப் போனது இதே 1858-ல்தான். ஒரு பேரரசின் கடைசி ஆண்டைச் சுமக்கும் இந்தக் காசு கணக்கற்ற அளவில் அடிக்கப்பட்டது. இந்திய நாணயச்சாலைகள் போதாமல் பர்மிங்காமிலிருந்தும் அடித்து வரவழைத்தார்கள். அதனால்தான் இன்றைக்கும் ஒரு மதியச் சாப்பாட்டுக்கு ஆகும் செலவுக்குள் நல்ல நிலையில் ஒன்று வாங்கிவிடலாம். இத்தனை வரலாறு இத்தனை குறைந்த விலைக்குக் கிடைக்கும் வேறு பொருள் எனக்குத் தெரியவில்லை.

இதன் பிறகு வரும் காலணா வரிசை முழுவதுமே எளியவர் கைக்கு எட்டுவதுதான். 1862 முதல் விக்டோரியா ராணி. 1877 முதல் அவரே பேரரசி. 1906-ல் செம்பு போய் வெண்கலம் வந்தது, எடையும் குறைந்தது. ஏழாம் எட்வர்டு கிரீடமில்லாத தலையோடு சில ஆண்டுகள். ஐந்தாம் ஜார்ஜ் காலணாக்கள் இன்னும் மலிவு. ஆண்டு வாரியாக ஒவ்வொன்றாகச் சேர்க்க நினைக்கும் பள்ளிப் பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. இரண்டாம் உலகப் போர் வந்ததும் உலோகத் தட்டுப்பாடு. 1943-ல் காலணாவின் நடுவில் பெரிய ஓட்டை போட்டு வெண்கலத்தை மிச்சப்படுத்தினார்கள். அதே காரணத்துக்காக 1942 முதல் 1945 வரை அரையணா, ஓரணா, இரண்டணாக்களை மஞ்சள் நிற நிக்கல்-பித்தளையில் அடித்தார்கள். ஓட்டைக் காலணாவும் மஞ்சள் ஓரணாவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்தப் போர் இந்தியச் சமையலறை வரைக்கும் வந்ததைக் கண்ணால் பார்க்கலாம்.

1907-ல் வந்த ஓரணா தனியாகச் சொல்லத் தகுந்தது. விளிம்பு பூவிதழ்போல் வளைந்து வளைந்து போகும், வெள்ளைச் செம்பு-நிக்கல் காசு. இருட்டில் தடவிப் பார்த்தே இன்ன காசு என்று சொல்லிவிடலாம். அதில் மதிப்பை ஆங்கிலம் தவிர உருது, நாகரி, வங்காளம், தெலுங்கு ஆகிய எழுத்துகளில் பொறித்தார்கள். தமிழ் இல்லை. அதற்கு நூறாண்டு முன்பு, 1807-08 அளவில் சென்னையில் கம்பெனி அடித்த வெள்ளிப் பணங்களில் தமிழும் தெலுங்கும் சேர்ந்தே இருந்தன. சென்னை நாணயச்சாலை 1869-ல் மூடப்பட்ட பிறகு ஆங்கிலேயர் ஆட்சி முடியும்வரை நம் எழுத்து இந்தியக் காசில் ஏறவில்லை. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துள்ள ஆங்கிலேயர் காசு வேண்டுமென்றால் இலங்கைச் சதம்தான். 1870 முதல் அடிக்கப்பட்ட அந்தச் செம்புக் காசுகளில் நடுவே பனைமரம் போன்ற மரம், இரு பக்கமும் சிங்களமும் தமிழும். பெங்களூர்க் கடைகளில் அயல்நாட்டுக் காசுக் குவியலில் இது சாதாரணமாகக் கிடக்கும். தமிழர் எவரும் சேர்க்கத் தொடங்கும்போது முதல் பத்துக் காசுக்குள் இது ஒன்று இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

சென்னை மாகாணத்துப் பழைய செம்பு வாங்க ஆசைப்படுகிறவர்கள் அட்மிரல் கார்ட்னர் கப்பலின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. சென்னைக்கென்று பர்மிங்காம் சோகோ ஆலையில் அடித்த 10 காசு, 20 காசு நாணயங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அந்தக் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கிப்போயிற்று. 1980-களில் முக்குளிப்பவர்கள் லட்சக்கணக்கில் அவற்றை மேலே கொண்டுவந்தார்கள். இன்று உலகச் சந்தையில் 1808 என்று ஆண்டிட்ட, தேய்மானமே இல்லாத சென்னைக் காசு என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி அதுதான். விலையும் அதிகமில்லை, பார்க்க அழகும்கூட. ஆனால் அந்தக் காசு சென்னையை எட்டவே இல்லை. ஒருவர் கையிலும் புழங்கவில்லை. அதே அச்சில் அடித்து, இங்கே வந்திறங்கி, சந்தையிலும் சுங்கச்சாவடியிலும் தேய்ந்துபோன 20 காசு ஒன்று கிடைத்தால் நான் அதையே எடுப்பேன். நாணயச் சந்தை தேய்மானத்துக்கு விலையைக் குறைக்கிறது. வரலாற்றை விரும்புகிறவருக்கு அந்தத் தேய்மானம் ஒரு சாட்சி. குறைந்த விலைக்கு வாங்குகிறவருக்கு இது பெரிய வாய்ப்பு.

வெள்ளிக்கு வருவோம். "ராணித்தலை ரூபாய்" என்றாலே வீட்டில் ஒரு மரியாதை உண்டு. அதன் விலையை அறிய ஒரே ஒரு கணக்குப் போதும். 1835 முதல் 1939 வரையுள்ள எந்த முழு ரூபாயிலும் சுத்த வெள்ளி சுமார் 10.69 கிராம். வெள்ளி கிராம் 100 ரூபாய் விற்கும் நாளில் அந்தக் காசின் உலோக மதிப்பு மட்டுமே 1,069 ரூபாய். விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் காலத்துச் சாதாரண ஆண்டு ரூபாய்களுக்கு இதற்கு மேல் ஓரளவு கூடுதலாகக் கேட்பார்கள், அது நியாயம். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்டால் காரணம் கேளுங்கள். 1940-ல் சட்டம் மாறி வெள்ளி பாதியாகக் குறைந்தது. ஆறாம் ஜார்ஜின் 1940-45 ரூபாயில் சுத்த வெள்ளி 5.83 கிராம்தான். முழு வெள்ளி என்று சொல்லி இதை விற்கிற இடத்தில் ஆண்டைப் பார்த்தாலே போதும். 1947 ரூபாயில் வெள்ளி துளியும் இல்லை, சுத்த நிக்கல். பின்புறம் புலி நிற்கும். பிரிட்டனிலும் இதே இறக்கம் நடந்தது: அங்கே 1920-ல் பாதி வெள்ளி, 1947-ல் வெள்ளியே இல்லை. இரண்டு போர்கள் இரு நாட்டுக் காசிலும் பதிந்திருக்கின்றன.

முதல் போரின்போது இந்தியாவில் வெள்ளித் தட்டுப்பாடு எவ்வளவு கடுமையானது என்றால், 1918-ல் அமெரிக்கா தன் கஜானாவிலிருந்த டாலர்களை உருக்கி சுமார் 20 கோடி அவுன்ஸ் வெள்ளி விற்க பிட்மன் சட்டம் என்று ஒன்று போட வேண்டியதாயிற்று. அந்த வெள்ளி இங்கே வந்து ரூபாயாயிற்று. 1918 ஆண்டிட்ட ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஏராளமாகக் கிடைப்பதும் மலிவாக இருப்பதும் அந்தக் காலத்துப் பெரும் உற்பத்தியால்தான். அதே ஜார்ஜின் 1911 ரூபாய் மட்டும் விலை கூடியது. மன்னரின் அங்கியிலிருந்த யானை பன்றிபோலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழ, மறு ஆண்டே அச்சைத் திருத்தினார்கள். 1911 ரூபாய் வாங்கும் வசதியில்லாதவர் வருத்தப்பட வேண்டாம். அதே ஆண்டுக் காலணாவிலும் அதே யானையை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத் தேடிப் பார்க்கலாம்.

வெள்ளியில் எனக்குப் பிடித்தவை சிறியவைதான். விக்டோரியா காலத்து வெள்ளி இரண்டணா ஒன்றரை கிராம்கூட இல்லை. விரல்நுனியில் நிற்கும். கால் ரூபாய் அதைப்போல இரண்டு பங்கு. முழு ரூபாயின் விலை வெள்ளிச் சந்தையோடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்க, இவை கொஞ்சம் ஒதுங்கி நிற்கின்றன. விக்டோரியா ரூபாயில் ஒரு நுட்பமும் உண்டு. 1862 முதல் 1870-களின் தொடக்கம் வரை அடித்த ரூபாய்களில் எல்லாம் 1862 என்றே ஆண்டு போட்டார்கள். எந்த ஆண்டு அடித்தது என்பதை அறிய ஆண்டுக்கு அருகே இருக்கும் சிறு புள்ளிகளை எண்ண வேண்டும். சேர்ப்பவர்கள் மணிக்கணக்கில் புள்ளி எண்ணுவது இதனால்தான். ஒரே விலைக்கு வாங்கிய இரண்டு காசில் ஒன்று அரிதாக இருக்க வாய்ப்புண்டு. ஸ்டீவன்ஸும் வெயரும் எழுதி 2012-ல் வந்த சீரான நாணய வரிசை பற்றிய நூல் இந்தப் புள்ளிகளையும் முத்திரைகளையும் விரிவாக வகைப்படுத்துகிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர் கிராஸ் விலைப்பட்டியலின் பழைய பதிப்பு ஒன்றை வைத்துக்கொண்டாலே போதும்.

வாங்கும்போது என்ன பார்ப்பது? நம் ஊர்க் காசுகளுக்கென்றே சில காயங்கள் உண்டு. காசுமாலைக்கும் பதக்கத்துக்கும் வளையம் பற்றவைத்து, பிறகு பிடுங்கிய ரூபாய்கள் ஏராளம். ராணியின் தலைக்கு நேர் மேலே விளிம்பைச் சாய்த்துப் பாருங்கள். வரிக்கோடுகள் ஓரிடத்தில் அழிந்து மொழுமொழுவென்று இருந்தால் அது பற்றவைத்த தழும்பு. பூஜை அறையில் இருந்த காசுகளில் எழுத்துப் பள்ளங்களில் மஞ்சளும் குங்குமமும் அடைந்திருக்கும். அது கெடுதலில்லை, அப்படியே விடலாம். கெடுதல், புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது. செம்புக் காசின் பழுப்பு அதற்கு மேல்தோல். தேய்த்துப் பளபளவென்று ஆக்கிய 1835 காலணாவை எந்த டீலரும் பாதி விலைக்குக்கூட எடுக்க மாட்டார். கடையில் பளபளக்கும் செம்பு கண்ணில் பட்டால் 'பாலிஷ் போட்டது' என்று ஒதுக்கிவிடுங்கள்.

எடைபார்க்கும் சிறு மின்தராசு ஒன்றும் காந்தத் துண்டு ஒன்றும் பையில் இருந்தால் நல்லது. முழு ரூபாய் 11.66 கிராமுக்குச் சற்றே குறையலாம், தேய்மானத்தால். அரை கிராமுக்கு மேல் குறைந்தாலோ கூடினாலோ சந்தேகப்படுங்கள். வெள்ளியில் காந்தம் ஒட்டாது. 1947 நிக்கல் ரூபாயில் ஒட்டியே ஆக வேண்டும். வார்த்து எடுத்த போலியின் முகத்தில் மணல் மணலாகச் சிறு குழிகள் இருக்கும், விளிம்பில் சேர்ப்புக் கோடு ஓடும். 1939 ரூபாய் மிக அரிது என்பதால் 1938 ரூபாயின் எட்டை ஒன்பதாகச் செதுக்கியவையும் முழுப் போலிகளும் சுற்றுகின்றன. குறைந்த விலைக்கு 1939 ரூபாய் வேண்டாம். அவ்வளவுதான்.

ஆனால் மனிதர்களை உண்மையில் நாசம் செய்வது வேறு வகைப் போலி. 1616, 1717, 1818 என்று ஆண்டிட்டு, ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ, மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி அரையணா, ஓரணா என்று எழுதிய செம்பு வட்டுகளைக் கோயில் வாசல்களிலும் தெருவோரங்களிலும் பார்த்திருப்பீர்கள். கம்பெனி இப்படி ஒரு காசை எந்தக் காலத்திலும் வெளியிட்டதில்லை. 1616-ல் கம்பெனிக்குச் சென்னையில் நிலமே கிடையாது. கோட்டைக்கு இடம் கிடைத்தது 1639-ல். இவை பிற்காலத்தில் பக்திக்கும் வேடிக்கைக்கும் அடித்த வில்லைகள். இந்த வில்லையை வைத்துத்தான் "அரிசியை இழுக்கும் காசு, கோடிக்கு விலைபோகும்" என்று தமிழகத்திலும் கர்நாடகத்திலும் கும்பல்கள் குடும்பங்களை மொட்டையடிக்கின்றன. எந்தச் செம்புக் காசும் அரிசியை இழுக்காது. அதேபோல் பழைய காசை லட்சத்துக்கு வாங்குகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரில் விளம்பரம் வந்தால் அது மோசடி. 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே இதை மறுத்து எச்சரிக்கை வெளியிட்டது. பழைய காசு விற்பதற்கும் வாங்குவதற்கும் அது கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை.

எங்கே வாங்குவது? ஞாயிற்றுக்கிழமைகளில் அவென்யூ சாலை, பி.வி.கே. ஐயங்கார் சாலைப் பக்கம் கூடும் பழைய பொருள் சந்தையில் தரையில் துணி விரித்துக் காசு கொட்டி வைத்திருப்பார்கள். கண் பழகியவருக்கு அங்கே நல்ல செம்பு கிடைக்கும். பழகாதவர் வெள்ளியை அங்கே வாங்க வேண்டாம். கன்னடநாடு நாணய சங்கம் நடத்தும் 'நாண்யதர்ஷினி' கண்காட்சி தொடக்கநிலைக்காரர்களுக்கு எல்லாவற்றையும்விட நல்ல இடம்; ஒரே கூரையில் பல டீலர்கள், விலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம், மூத்த சேகரிப்பாளர்கள் பொறுமையாகச் சொல்லித்தருவார்கள். மருதர் ஆர்ட்ஸ் போன்ற பெங்களூர் ஏல நிறுவனங்களின் பட்டியல்கள் பெரும்பாலும் உயர்விலைச் சரக்குக்கானவை. என்றாலும் முடிந்த ஏலத்தின் விலைகளைப் படித்துப் பழகுவது பெரிய பாடம். ஒரு காசுக்குச் சொல்லும் விலை வேறு, போகும் விலை வேறு. இணைய விற்பனைத் தளங்களில் காண்பதெல்லாம் சொல்லும் விலை. பிரண்டன் சாலையில் ரெஸ்வான் ரசாக்கின் இந்தியக் காகிதப் பண அருங்காட்சியகத்தையும் ஒருநாள் பார்த்துவிடுங்கள். 1917-ல் ஒரு ரூபாய் நோட்டு பிறந்ததே வெள்ளித் தட்டுப்பாட்டால்தான். காசில் விட்டுப்போன தமிழ் அந்த நோட்டில் உண்டு.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள் ஆகும். அதைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. சிங்கப்பூரிலிருந்து வரும் உறவினருக்கு விக்டோரியா ரூபாயைப் பரிசாகக் கொடுத்தனுப்பினால் விமான நிலையத்தில் அவருக்குத்தான் சங்கடம். மண்ணைத் தோண்டும்போது கிடைக்கும் புதையல் காசுக்கு 1878-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். "வயலில் கிடைத்தது" என்று சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள்; உண்மையென்றாலும் தவறு, பொய்யென்றாலும் தவறு.

இது முதலீடா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: வெள்ளியில் முதலீடு செய்ய விரும்பினால் வெள்ளிக்கட்டி வாங்குங்கள். சாதாரண ஆண்டு ரூபாயை விற்கப்போகும்போது பெரும்பாலும் வெள்ளி விலைதான் கிடைக்கும். காலணாவை விற்றால் வாங்கிய விலை கிடைத்தாலே நல்ல வியாபாரம். சேர்ப்பதன் பலன் படிப்பில் இருக்கிறது. பதினைந்து இருபது காசு கையில் இருந்தால் ஒரு பிள்ளைக்குக் கம்பெனி ஆட்சி, ராணி ஆட்சி, இரண்டு உலகப் போர், விடுதலை எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சொல்லிக்கொடுத்துவிடலாம். அதற்கு ஆகும் மொத்தச் செலவு ஒரு நல்ல சட்டையின் விலைக்குமேல் போகாது.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் நகரத்பேட்டை, சிக்பேட்டை வெள்ளிக்கடைகளுக்குப் பழைய ரூபாய்கள் உருக்குவதற்கு வந்துகொண்டே இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் பாட்டியின் சுருக்குப்பையில் இருந்த காசுகள் பிரிக்கப்படும் நாள் வரலாம். உருக்கக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை கொட்டி, ஆண்டு வாரியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு வகையிலும் ஒன்றையாவது எடுத்து வையுங்கள். அது யாருடைய காசு, எந்தத் தெருவில் எந்த வேலைக்குச் சம்பளமாக வந்தது என்று தெரிந்ததை ஒரு சீட்டில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள். அந்தச் சீட்டை எந்த டீலரிடமும் விலைக்கு வாங்க முடியாது.